முடிவை வெளியில் சொல்லாதீர்கள்

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் பெயர் சொல்லப்போய், யாராவது தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். எழுபதுகளின் நடுவில் வந்த மர்மப் படம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். சுவரொட்டியில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அவள் தலைக்கு மேலே, 'முடிவை வெளியில் சொல்லாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். வெளியில் சொல்லக் கூச வேண்டிய முடிவுதான் என்பது பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது.

நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாசரேத் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சினிமா பார்ப்பது பாவம். கல்யாணமான பிறகுதான் அந்தப் பாவத்தைச் செய்யத் தொடங்கினேன், அதுவும் என் கணவரின் தயவில். அவருக்குத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வெள்ளிக்கிழமை மாறுகிற படம் எதுவானாலும் அது ஊரைவிட்டுப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. மறுநாள் அலுவலகத்தில் கதை சொல்வதற்காகவே பார்க்கிறார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

ஊருக்குள் ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் முற்றமும் கிணறும், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் சேர்த்துத் தெருவைப் பார்த்து ஒரே பெரிய வாசல். வீட்டுக்காரம்மா முன்வீட்டில் இருந்தார். கடற்கரைக் குடும்பம், கத்தோலிக்கர். தோணியில் கொழும்புக்குப் போய்வந்த கணவர் கட்டிவைத்துவிட்டுப் போன வளவு அது. வாசல் சாவி எந்நேரமும் அவர் இடுப்பிலேயே இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரையும் ஒரே குரலில் அதட்டுவார். டீச்சர் என்பதற்காக எனக்குச் சலுகை எதுவும் கிடையாது.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் இருந்தார். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்கு வேண்டிய காகிதங்களைச் சரிசெய்து வெளியே எடுத்துக் கொடுக்கிற தொழில். எந்தக் காகிதத்தை எந்த மேசையில் எப்படி நகர்த்துவது என்று அவருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி, மெதுவான பேச்சு. வளவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்பார். இப்படி எல்லாருக்கும் நல்லவராக இருப்பவர்களைக் கண்டால் எனக்கு அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது. ஆனால் வளவில் இந்த எண்ணம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

அவர் மனைவி உடன்குடிக்காரி. கருப்பட்டி வியாபாரக் குடும்பத்துப் பெண். அப்பா அம்மா இல்லை, அண்ணன்தான் கட்டிக்கொடுத்திருந்தான். என்னைவிடச் சின்னவள். என்னை 'டீச்சரக்கா' என்று கூப்பிடுவாள். சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகவே பேசுவாள். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. வளவில் மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்களே தவிர, அவள் பேச மாட்டாள்.

படம் வந்த இரண்டாவது வாரம் அந்த அண்ணாச்சி வளவு முழுவதையும் தன் செலவில் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தார். "எல்லாரும் பாக்க வேண்டிய படம்" என்றார். சனிக்கிழமை மேட்னி. பெண்கள் பகுதியில் வீட்டுக்காரம்மாவும் நானும் அந்தப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

கதை இதுதான். மலை மேல் ஒரு பங்களா. பணக்காரப் பெண் ஒருத்தி, அன்பான புருசன். அவளை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள். குடிக்கிற பாலில் விசம், படிக்கட்டில் எண்ணெய், கார் பிரேக்கை யாரோ அறுத்துவிடுகிறார்கள். அவள் புருசனைச் சந்தேகப்படுகிறாள், பார்க்கிற நாமும் சந்தேகப்படுகிறோம். கடைசியில் ஒரு டாக்டர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, புகைக்குழாய் பிடித்துக்கொண்டு விளக்குகிறார். யாரும் அவளைக் கொல்லப் பார்க்கவில்லையாம். எல்லாம் அவள் மூளைக் கோளாறாம். விசம் வைத்தவளும் அவள், எண்ணெய் ஊற்றியவளும் அவள். புருசன் தெய்வம். அவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறான். அவள் அவன் காலில் விழுகிறாள். ஆஸ்பத்திரி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகிறது. வணக்கம்.

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெஞ்சில் இருந்த பெண்களில் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். மீதிப்பேர் திட்டினார்கள். ஒருத்தி, "எம்மா, காச வாங்கிட்டு நம்மளக் கிறுக்கச்சியாக்கிட்டானுவளே" என்று சத்தமாகவே சொன்னாள். அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் சரியானது.

வெளியே வந்ததும் என் கணவர் பாதிச் சாலையை மறித்துக்கொண்டு நின்று பேசினார். "ஏளா, என்ன திருப்பம் பாத்தியா! எவனுக்காவது தோணியிருக்குமா?"

"எப்படித் தோணும்? கார் ஷெட்டுக்குள்ள ஒரு ஆம்பளக் கை, மோதிரம் போட்ட கை, பிரேக் வயரை அறுக்குது. நம்ம கண்ணால பாத்தோம். அந்நேரம் அவ மாடில ஒறங்கிட்டுக் கெடக்கா. அதையும் பாத்தோம். அப்ப அந்தக் கை யாருக்க கை?"

"அது அவ கற்பனைன்னு டாக்டரு சொன்னாருல்லா."

"ஒறங்குதவ எப்படிக் கற்பனை பண்ணுவா?"

"ஒனக்கு எல்லாம் கணக்குதான்" என்று சொல்லிவிட்டு அவர் அண்ணாச்சியோடு முன்னால் நடந்தார். ஆமாம், எனக்குக் கணக்குதான். என் வகுப்பில் ஒரு பிள்ளை வழியைத் தப்பாகப் போட்டுவிட்டு, விடையை மட்டும் கடைசி வரியில் எழுதி அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்தால், பக்கத்தில் முட்டை போட்டு அனுப்புவேன். இந்தப் படத்தை எடுத்த ஆள் அதற்கு வெள்ளிவிழா கேட்கிறான்.

வீட்டுக்காரம்மா அழுத கட்சி. "அந்த மனுசன் என்னமா அழுதான்! மாதாவே, எம்புருசன் எனக்காக ஒரு சொட்டு விட்டிருப்பானா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வீட்டுப் பெண் மட்டும் பேசாமல் வந்தாள். வளவு வாசல் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்து, "அக்கா, அந்தப் பொம்பளகிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாள். நான் இவ்வளவு வாதாடியும் எனக்கு அது தோன்றவில்லை. டாக்டர் பேசினான், புருசன் அழுதான், போலீஸ்காரன் தலையாட்டினான். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அண்ணாச்சி முற்றத்தில் பல் விளக்கும்போது பேசத் தொடங்கினார். முதலில் மண்ணெண்ணெய் ஸ்டவ். "அணைக்காமப் படுத்துட்டா. நான் முழிக்கலேன்னா வளவே எரிஞ்சிருக்கும்." அடுத்து வீட்டுச் சாவி. அவள் அதைக் கிணற்றில் போட்டுவிட்டாளாம். பிறகு, அரிவாள்மணையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாளாம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார். ஒருநாள் என்னிடமே, "படத்துல பாத்தோம்லா, டீச்சர். அந்த மாதிரி ஆயிரக் கூடாதேன்னுதான் பயமா இருக்கு" என்றார்.

சொல்லிவைத்தாற்போல் வளவு மாறிவிட்டது. அவள் தண்ணீர் இறைக்க வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் பேசினால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கோபப்பட்டால், "பாத்தியளா?" என்றார்கள். அழுதாலும் அதையேதான் சொன்னார்கள். சிரிக்கிறதை அவளே விட்டுவிட்டாள். ஒரு குப்பைப் படம் மூன்று மணி நேரத்தில் இத்தனை பேரையும் மனோதத்துவ டாக்டர்களாக ஆக்கிவிட்டிருந்தது.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் என் வீட்டு வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சொருகிச் சொருகி வந்தது.

"அக்கா, பகலெல்லாம் ஒறக்கமா வருது. எந்திரிக்க முடியல. அவுக சத்து மாத்திரைன்னு தாராக. அதத் தின்னதுல இருந்துதான் இப்படி இருக்கு."

"எத்தனை நாளா தாராக?"

"படம் பாத்துட்டு வந்தோம்லா, அதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்து."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளைக் காட்டினாள். ஒன்றை வாங்கிக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வருகிற லேடி டாக்டர் ஒருவர் இருந்தார், கறாரான பெண்மணி. மறுநாள் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சத்து மாத்திரை இல்ல, டீச்சர். தூங்க வைக்கிற மாத்திரை. யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதல. புருசன் குடுக்காரு."

"உடனே நிறுத்தச் சொல்லுங்க. முடிஞ்சா அந்தப் பொண்ண எங்கிட்ட கூட்டிட்டு வாங்க."

அவள் மாத்திரையை வாயில் ஒதுக்கிவைத்துத் துப்பப் பழகினாள். சீக்கிரமே முகம் தெளிந்துவிட்டது. ஆனால் டாக்டரிடம் கூட்டிப்போக வழி கிடைக்கவில்லை. புருசன் வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். அவள் பாதுகாப்புக்காம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஜன்னல் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். அப்படித்தான் ஒருநாள் சொன்னாள்:

"அக்கா, அவுக தன்னோட அண்ணங்கிட்டப் பேசினதக் கேட்டேன். ஞாயித்துக்கெழம கார் வருதாம். என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, பைத்தியம்னு எழுதி வாங்கப் போறாகளாம். கோவில்பட்டியில பொண்ணு பாத்து வச்சிருக்காகளாம், அக்கா."

பைத்தியம் என்று காகிதம் இருந்தால் கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்துச் செய்துவிடலாம். காகிதம்தானே அந்த மனிதரின் தொழில்.

என் கணவரிடம் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன், லேடி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தப் படத்துலயும் அவ இப்படித்தான சொல்லுவா, யாரோ பால்ல என்னமோ கலக்காகன்னு" என்றார். நான் மோரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன். பதில் சொல்லத் தகுந்த பேச்சாக அது இல்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி உடன்குடிக்குப் போனேன். அவள் அண்ணனின் கடை பஜாரில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். மரியாதைக்காரன்தான். நான் விசயத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இரக்கம் வந்தது. என் மேல்.

"மச்சான் எல்லாம் சொல்லியிருக்காரு, டீச்சர். எங்க பிள்ளைக்குத்தான் சரியில்ல. அவரு நல்ல மனுசன், வேற ஆளுன்னா எப்பவோ கொண்டாந்து விட்டுட்டுப் போயிருப்பான். நான் திருச்செந்தூருக்குப் போயிருந்தப்போ ஒரு படம் பாத்தேன், அதுல அப்படியே இதே மாதிரி..."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயிருந்த கருப்பட்டிச் சிப்பம் ஒன்றைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன். கனம் அதிகம்.

"தம்பி, அந்தப் படத்தை நானும் பாத்தேன். அதை எடுத்தவனுக்கு மூளை இல்ல. ஒங்களுக்கு இருக்குன்னு நம்பி பஸ் ஏறி வந்திருக்கேன். ஒங்க தங்கச்சிக்குப் பைத்தியம்னு யாரு சொன்னா?"

"மச்சான்தான்..."

"வேற யாரு சொன்னா?"

அவன் யோசித்தான்.

"ஒங்க தங்கச்சிட்ட நீங்க கேட்டியளா?"

நான் மாத்திரையைப் பற்றித் திரும்பவும் சொன்னேன். கார் வரும் நாளைச் சொன்னேன். "வந்து ஒரு தடவை அவ பேச்சக் கேளுங்க. கேட்ட பெறகும் பைத்தியம்னு தோணிச்சுன்னா நீங்களே ஏத்தி அனுப்புங்க, நான் தடுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வருவதாகவும் அவன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்காரம்மா பூசை முடிந்து வந்து முக்காட்டை எடுக்கும்போதே கார் வந்து நின்றது. அண்ணாச்சியின் அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டில் சத்தம் கேட்டது. அவள் முற்றத்துக்கு ஓடிவந்து கிணற்றடித் தூணைப் பிடித்துக்கொண்டாள். "நான் வரமாட்டேன்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. வளவே வாசலுக்கு வந்தது. அண்ணாச்சி முற்றத்தின் நடுவில் நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

படத்தில் அந்த நடிகன் துடைத்த அதே மாதிரி. முதலில் இடது கண், பிறகு வலது கண். அவர் எதற்காக அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருக்கிய. நான் என்ன செய்வேன்?" என்றார்.

"ஸ்டவ்வ அணைக்காமப் படுத்தத யாரு பாத்தா?" என்று கேட்டேன். என் குரல் வகுப்பறைக் குரலாக வந்தது. வளவின் கோடி வீட்டுக்காரியைப் பார்த்தேன். "நீங்க பாத்தியளா?"

"இல்ல டீச்சர். அண்ணாச்சிதான் சொன்னாக."

"சாவியக் கெணத்துல போட்டத? அரிவாமணைய?"

"அண்ணாச்சிதான்..."

என் கணவர் பின்னாலிருந்து, "ஏளா, அடுத்த வீட்டு விசயம்" என்றார். நான் திரும்பவில்லை.

வீட்டுக்காரம்மா நடந்துபோய்ப் பெரிய வாசல் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "எவ வீட்டுச் சாவியும் எங்கெணத்துல விழல. போன மாசந்தான் தூர் வாரினேன். விழுந்திருந்தா எனக்குத் தெரியாமப் போயிருமா?" என்றார். அழுத கட்சி அன்றைக்குத்தான் கட்சி மாறியது.

அண்ணாச்சியின் அண்ணன் வெளியிலிருந்து கதவைத் தட்டினார். கூடவே இன்னொரு குரலும் கேட்டது. உடன்குடிக்காரன் வந்திருந்தான். வீட்டுக்காரம்மா அவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டுத் திரும்பவும் பூட்டினார். அவன் மச்சானுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நேராகத் தங்கச்சியிடம் போனான்.

"சொல்லுளா, என்ன நடக்கு?"

அவள் தூணை விட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். குரல் ஏறவில்லை, அழவும் இல்லை. மாத்திரையைக் கையில் ஏந்திக்கொண்டு புருசன் முன்னால் போய் நின்றாள்.

"சத்து மாத்திரைன்னுதான தந்திய? ஒங்களுக்கும் ஒடம்பு இளைச்சுப் போச்சு. எனக்காக ரெண்டு தின்னுங்க. தின்னுட்டியன்னா நான் பேசாமக் கார்ல ஏறிருதேன்."

வீட்டுக்காரம்மா ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். அண்ணாச்சி மாத்திரையைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இவ கிறுக்கு பேசுதா, அதுக்கு நீங்களும் ஆடுதிய" என்றார். கையை நீட்டவில்லை.

உடன்குடிக்காரன் மெதுவாக, "மதுரை வேண்டாம், மச்சான். டீச்சர் சொல்லுத லேடி டாக்டர்ட்ட இங்கனயே காட்டுவோம். நீங்களும் வாங்க" என்றான்.

"எம்பொண்டாட்டிய எங்கன காட்டணும்னு எனக்குத் தெரியும்!" அந்த மெதுவான குரல் அன்றைக்கு முதல் தடவையாகக் கத்தியது. கோடி வீட்டுக்காரி தன் பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயந்து அல்ல.

சாயங்காலம் அவள் அண்ணனும் நானும் கூட்டிப்போனபோது, லேடி டாக்டர் அவளை வெகுநேரம் விசாரித்துப் பேசிவிட்டு, மூளையில் ஒரு கோளாறும் இல்லை, நிம்மதி இல்லாத உடம்பு, அவ்வளவுதான் என்றார். அவள் அன்றைக்கே அண்ணனோடு பஸ் ஏறினாள். நகைப்பெட்டியைக்கூடப் பிறகு ஆள் விட்டுத்தான் எடுத்தார்கள்.

அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரம்மா காலிபண்ணச் சொன்னார், அவர் வேறு தெருவில் இதைவிடப் பெரிய வீடாகப் பார்த்துப் போனார். விவாகரத்துக் கேஸ் நடந்தது, முடிந்தது, கோவில்பட்டிப் பெண்ணும் வந்தாள். புதுத் தெருவிலும் அவர் அண்ணாச்சிதான், யார் வீட்டுக் காய்ச்சலுக்கும் முதல் ஆள்தான். 'பாவம், மொதல் பொண்டாட்டி சரியில்ல' என்று அங்கே சொல்லிக்கொண்டார்கள். படத்தை எடுத்தவரும் நன்றாகத்தான் இருந்தார். அடுத்தடுத்து எடுத்தார். என் கணவர் தவறாமல் பார்த்தார், தனியாக.

சில வருடங்கள் கழித்து, கூட வேலை பார்த்த டீச்சரின் கல்யாணத்துக்காக உடன்குடிக்குப் போயிருந்தேன். பஜாரில் அந்தக் கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து சத்தமான குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கல்லாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் இறங்கி ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வெளியூர் வியாபாரத்தைப் பார்க்கிறான், கடை இவள் பொறுப்பு. உட்காரவைத்து என் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்தாள். பேச்சின் நடுவே, "அவுக எப்படி இருக்காக, அக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னாக."

"இருக்கட்டும். அந்தக் கோவில்பட்டிப் பிள்ளை?"

எனக்குத் தெரியாது என்றேன். "ஒரு நாளு தூத்துக்குடிக்கு வாரேன், அக்கா. அந்தப் பிள்ளையப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வருவோம். நீங்களும் கூட வாங்க" என்றாள். வருகிறேன் என்றேன். அதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. இறங்கிய ஆள் கருப்பட்டிச் சிப்பத்தை ஈரத் தரையில் வைக்கப் போனான்.

"ஏலே, அங்கன வைக்காத! கண்ணு தெரியலயா?" என்று கத்திக்கொண்டே அவள் எழுந்து ஓடினாள்.